குளிர்காலப் பேஸ்பால் கணக்கு: ஒப்பந்தங்களையும் டிரேடு வதந்திகளையும் எடைபோடும் முறை

2025 நவம்பர் 1 அன்று நடந்த உலகத் தொடரின், அதாவது அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பால் இறுதியின், ஏழாவது ஆட்டத்தில், டொராண்டோ புளூ ஜேஸ் 11ஆவது இன்னிங்ஸில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் 5–4 என்று தோற்றது. அந்த மாதம் முடிவதற்குள் அதே அணி டிலன் சீஸ் என்ற பிட்சருக்கு ஏழு ஆண்டுக்கு 21 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஸ்கார்பரோவிலும் பக்கத்து மார்க்கத்திலும் இருக்கும் எத்தனையோ தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு இது சொந்த அணி. ஆட்டமே இல்லாத ஐந்து மாதமும் பேச்சு ஓயாது. இவ்வளவு பணம் தகுமா, அவரை ஏன் விட்டார்கள், இந்த வதந்தியை நம்பலாமா என்று போய்க்கொண்டே இருக்கும்.

அந்தப் பேச்சில் புதிதாகக் கலந்துகொள்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஆட்டம் ஓரளவு தெரியும், ஒப்பந்த விதிகள் தெரியாது என்று வைத்துக்கொள்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் புளூ ஜேஸிலிருந்து வரும். முறை முப்பது அணிகளுக்கும் ஒன்றுதான். தொகை எல்லாம் அமெரிக்க டாலர். ஆங்கிலச் செய்தியில் 210 மில்லியன் என்று வருவது இங்கே 21 கோடி.

சீஸ் நல்ல பிட்சரா என்று மட்டும் கேட்டால் பேச்சு எங்கும் போகாது. இந்த அணிக்கு, இந்த விலைக்கு, இத்தனை ஆண்டுக்கு, யாருக்குப் பதிலாக? நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் அது கேள்வி. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நான்குக்கும் விடை தேடுகிற வேலைதான்.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்கள் முதலில் மூன்று விஷயங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே ஏலம் கிடையாது. ஒவ்வொரு வீரரின் ஏஜென்டும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பேரம் பேசுவார். தாண்டவே கூடாது என்ற சம்பள வரம்பும் இல்லை. தாண்டினால் வரி உண்டு, அவ்வளவுதான். மூன்றாவதுதான் முக்கியம்: கையெழுத்தான பணம் உத்தரவாதமான பணம். காயம் பட்டாலும், ஃபார்ம் போனாலும், அணியே வெளியே அனுப்பினாலும் கொடுத்தாக வேண்டும். பால்டிமோர் ஓரியோல்ஸ் 2016 ஜனவரியில் கிறிஸ் டேவிஸுக்கு ஏழு ஆண்டுக்கு 16.1 கோடி எழுதிக்கொடுத்தது. 2018இல் அவருடைய பேட்டிங் சராசரி .168. ஆனாலும் காசில் ஒரு சதம் குறையவில்லை.

முதல் படி: ஒரு தாளில் 26 பெயர்

வதந்தியைப் படிக்கும் முன் அணியை எழுதுங்கள். களத்தடுப்புக்கு எட்டுப் பேர், அடிக்க மட்டும் வரும் டி.எச். ஒருவர், பெஞ்சில் நால்வர், ஸ்டார்ட்டிங் பிட்சர் ஐவர், புல்பென்னில் எட்டுப் பேர். மொத்தம் 26. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயது, அடுத்த ஆண்டுச் சம்பளம், ஒப்பந்தம் முடியும் ஆண்டு. ஸ்பாட்ராக், ஃபேன்கிராஃப்ஸின் ரோஸ்டர்ரிசோர்ஸ், பேஸ்பால் ரெஃபரன்ஸ் மூன்றிலும் இது இலவசமாகக் கிடைக்கும். அரைமணி நேர வேலை.

இப்போது ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள்: வருகிற வீரரின் மதிப்பை அப்படியே அணியின் கணக்கில் கூட்டிவிடுகிறார்கள். ஆண்டுக்கு மூன்று வெற்றி பெறுமானமுள்ள (இந்த எண் எப்படி வருகிறது என்பது ஐந்தாம் படியில்) ஷார்ட்ஸ்டாப்பை வாங்குகிறீர்கள். ஏற்கெனவே அந்த இடத்தில் நிற்பவர் இரண்டரை வெற்றி பெறுமானம் உள்ளவர் என்றால் லாபம் அரை வெற்றிதான். அதே பணத்தில், யாருமே இல்லாத இடத்துக்கு இரண்டு வெற்றி பெறுமானமுள்ளவரைக் கொண்டுவந்தால் லாபம் இரண்டு. பெரிய பெயர் வந்தும் அணி முன்னேறாமல் போவதற்கு இதுதான் பாதிக் காரணம்.

26 பேருக்குப் பின்னால் 40 பேர் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. பெரிய லீக் ஒப்பந்தம் போடும் எவரும் அதில் இருந்தாக வேண்டும். நாற்பதும் நிரம்பியிருந்தால் ஒருவரை எடுக்கும்போது இன்னொருவரை இழக்க நேரும். எனவே ஒப்பந்தச் செய்தி வந்ததும் யார் வெளியே போகிறார் என்று பாருங்கள். சில வேளை நல்ல இளம் பிட்சர் ஒருவர் சத்தமில்லாமல் வேறு அணிக்குப் போயிருப்பார்.

இரண்டாம் படி: யார் எத்தனை ஆண்டு கையில்?

பெரிய லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடித்தவர்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணிக்கும் போகக்கூடியவர், ஆகமுடியும். 172 நாள் பட்டியலில் இருந்தால் அது ஓர் ஆண்டு. முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்; பிறகு மூன்று ஆண்டு ஆர்பிட்ரேஷன், அதாவது பேச்சில் ஒத்துவராவிட்டால் நடுவர்கள் சம்பளத்தை முடிவுசெய்வது; பிறகு விடுதலை. இரண்டு ஆண்டைத் தாண்டி மூன்றை எட்டாதவர்களில் அதிக நாள் சேர்த்திருக்கும் 22 சதவீதத்தினருக்கு ஓராண்டு முன்பே ஆர்பிட்ரேஷன் கிடைக்கும்.

புளூ ஜேஸின் நட்சத்திர பேட்டர் விளாடிமிர் குரேரோ ஜூனியரை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். அவருடைய முதல் ஆட்டம் 2019 ஏப்ரல் 26. சீசன் தொடங்கி ஏறக்குறைய நான்கு வாரம் போயிருந்தது. அந்த ஆண்டு அவருக்கு 172 நாள் சேரவில்லை. அந்தச் சில வாரங்களால் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் தேதி 2024 முடிவிலிருந்து 2025 முடிவுக்குத் தள்ளிப்போனது. இளம் வீரரை ஏப்ரலில் மைனர் லீக்கிலேயே வைத்திருக்கிறார்களே என்று யாராவது குமுறினால், நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

ஆர்பிட்ரேஷனில் வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நடுவில் ஒரு தொகை சொல்ல அனுமதியில்லை. 2024க்கு குரேரோ கேட்டது 1.99 கோடி, அணி சொன்னது 1.805 கோடி. வீரர் பக்கம் தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு பெரிய ஒப்பந்தப் பேச்சு ஸ்பிரிங் டிரெய்னிங் என்ற பயிற்சி முகாமின் தொடக்கத்தில் முறிந்தபோது அவர் போய்விடுவார் என்றே பலரும் எழுதினார்கள். 2025 ஏப்ரலில் 14 ஆண்டுக்கு 50 கோடி என்று கையெழுத்தானது. வீரர் கெடு விதித்து அந்தக் கெடு முடிந்துபோனாலும், பேச்சு முடிந்துவிட்டது என்று எழுதிவைக்காதீர்கள்.

மூன்றாம் படி: நாட்காட்டி

உலகத் தொடர் முடிந்து ஐந்து நாள் வரை சொந்த அணிக்கு மட்டுமே சலுகை; அதன் பிறகு யாரும் யாரோடும் ஒப்பந்தம் போடலாம். நவம்பரில் குவாலிஃபையிங் ஆஃபர் (ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் தன் வீரருக்கு அணி தரும், தொகை முன்பே வகுத்த ஓராண்டு ஒப்பந்தம்), ஆப்ஷன் முடிவுகள் (ஒப்பந்தத்தில் எழுதிய கூடுதல் ஆண்டை ஏற்பதா விடுவதா), நான்-டெண்டர் நாள் (ஆர்பிட்ரேஷன் வீரர்களில் யாருக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை என்று முடிவாகும் நாள்). டிசம்பர் முற்பகுதியில் எல்லா அணி நிர்வாகிகளும் கூடும் விண்டர் மீட்டிங்ஸ். வதந்தியின் உச்சம் அந்த நான்கு நாள்தான். ஜனவரியில் ஆர்பிட்ரேஷன் தொகைகள் பரிமாறப்படும், 15ஆம் தேதி வெளிநாட்டு இளைஞர்களுக்கான ஒப்பந்தக் காலம் தொடங்கும். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் முகாமுக்கு வந்துசேர்வார்கள்.

நவம்பரில் ஒன்றும் நடக்கவில்லையே என்று பதறுவது வீண். 2023–24 குளிர்காலத்தில் பிளேக் ஸ்னெல் அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதோடு சந்தைக்கு வந்தவர். மார்ச் வரை அணி அமையவில்லை.

நான்காம் படி: தலைப்புத் தொகையை உரித்துப் பார்ப்பது

செய்தித் தலைப்பில் வருகிற எண் பெரும்பாலும் உண்மை விலை இல்லை. உரிக்க வேண்டிய தோல் நான்கு.

ஒன்று, ஆண்டுச் சராசரி. மொத்தத்தை ஆண்டால் வகுத்தால் சீஸுக்கு 3 கோடி. லக்சுரி டாக்ஸ், அதாவது முன்பு சொன்ன சம்பள வரி, இந்தச் சராசரியின் மேல்தான் கணக்கிடப்படுகிறது; அந்த ஆண்டு கையில் கொடுக்கும் சம்பளத்தின் மேல் அல்ல. அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரிக்கோடு 2025இல் 24.1 கோடி, 2026இல் 24.4 கோடி. முதல் முறை தாண்டினால் மிகைத் தொகையில் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு முதல் 50. கோட்டுக்கு மேல் 2 கோடி, 4 கோடி, 6 கோடி என்று போகப் போகக் கூடுதல் வரி வேறு. மூன்று ஆண்டாகத் தாண்டி, 6 கோடிக்கும் மேலே நிற்கும் அணிக்கு அடுத்த டாலரின் மேல் வரி 110 சதவீதம். அங்கே 1 கோடிக்கு ஒருவரை எடுத்தால் செலவு 2.1 கோடி. அதனால்தான் ஒரே வீரர் ஓர் அணிக்கு மலிவாகவும் இன்னோர் அணிக்கு ஆனைவிலையாகவும் இருக்கிறார். இந்த விதிகள் அடங்கிய உடன்படிக்கை 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதற்குப் பிறகு எண்களைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, தள்ளிவைத்த பணம். ஷோஹேய் ஒட்டானி 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸோடு போட்டது பத்து ஆண்டுக்கு 70 கோடி. ஆடும் காலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம்தான் கையில் வரும். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல். அதனால் வரிக் கணக்கில் அவர் ஆண்டுக்கு 7 கோடி அல்ல, சுமார் 4.6 கோடி. ஹுவான் சோட்டோ 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸோடு போட்ட 15 ஆண்டு 76.5 கோடியில் தள்ளிவைத்தது எதுவும் இல்லை. இரண்டையும் தலைப்புத் தொகையால் ஒப்பிடுவது, கையில் இருக்கும் பணத்தையும் பத்து ஆண்டு சீட்டுப் பணத்தையும் ஒன்றாக எண்ணுவது மாதிரி. வீட்டிலேயே கணக்குப் போடலாம்: எத்தனை ஆண்டு தள்ளியோ அத்தனை முறை 1.05ஆல் வகுங்கள். பத்து ஆண்டு கழித்து வரும் 1 கோடி இன்றைக்கு ஏறக்குறைய 61 லட்சம்.

மூன்று, ஆப்ட்-அவுட். ஒப்பந்தத்தின் நடுவே விலகிக்கொள்ள வீரருக்கு இருக்கும் உரிமை. நன்றாக ஆடினால் விலகுவார், மோசமாக ஆடினால் தங்குவார். ஆக, இழப்பு அணியின் தலையில், லாபம் வீரரின் கையில். மேலே சொன்ன ஸ்னெல் கடைசியில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸோடு இரண்டு ஆண்டுக்கு 6.2 கோடி என்று சேர்ந்தார். முதல் ஆண்டு முடிந்ததும் விலகி, டாட்ஜர்ஸோடு ஐந்து ஆண்டு 18.2 கோடிக்குப் போனார். ஆப்ட்-அவுட் உள்ள ஒப்பந்தத்தை விலகினால் என்ன, தங்கினால் என்ன என்று இரண்டு முறை எடைபோடுங்கள். ஒரு முறை மட்டும் போட்டால் கணக்கு அணிக்குச் சாதகமாகவே வந்து நிற்கும்.

நான்கு, டிராஃப்ட் இழப்பு. குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்து வரும் வீரரை எடுக்கும் அணி டிராஃப்ட் தேர்வை, அதாவது புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு முறையில் தன் வாய்ப்பை, இழக்கும். வரிக்கோட்டைத் தாண்டிய அணியாக இருந்தால் இரண்டாவது, ஐந்தாவது தேர்வுகளோடு வெளிநாட்டு ஒப்பந்தத் தொகையில் (வெளிநாட்டு இளைஞர்களை எடுக்க ஓர் அணி செலவிடக்கூடிய தொகை) 10 லட்சமும் போகும். 2026க்கான ஆஃபர் 2.2025 கோடி.

ஜப்பானிலிருந்து போஸ்டிங் முறையில், அதாவது அங்குள்ள அணியின் சம்மதத்தோடு, வருபவருக்கு அவருடைய பழைய அணிக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்: முதல் 2.5 கோடிக்கு 20 சதவீதம், அடுத்த 2.5 கோடிக்கு 17.5, மீதிக்கு 15. யோஷினோபு யமமோட்டோவின் ஒப்பந்தம் 32.5 கோடி. போட்டுப் பாருங்கள்: 50 லட்சம், 43.75 லட்சம், 4.125 கோடி, கூட்டினால் 5 கோடியே 6 லட்சத்து 25 ஆயிரம். தலைப்பில் இது வராது.

ஐந்தாம் படி: வீரரின் எண்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். நிறையத் தவறு நடக்கும் இடம் இதுதான்.

சீஸின் இ.ஆர்.ஏ.வை, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்னை, 2022இலிருந்து வரிசையாகப் பாருங்கள்: 2.20, 4.58, 3.47, 4.55. ஒரு வருடம் ஏறி ஒரு வருடம் இறங்குகிறது. இதை மட்டும் பார்த்தவர், 4.55க்கா 21 கோடி என்று கொதிப்பார். அதே நான்கு ஆண்டில் அவருடைய ஸ்டிரைக்அவுட்: 227, 214, 224, 215. கிட்டத்தட்ட அசையவே இல்லை. 2021 முதல் ஐந்து ஆண்டும் 32 ஆட்டத்துக்குக் குறையாமல் தொடங்கியிருக்கிறார்.

ஏன் இந்த முரண்? ரன் விழுவதில் பிட்சரின் கையில் இல்லாதது நிறைய இருக்கிறது. பின்னால் நிற்கும் தடுப்பு, பந்து விழும் இடம், பேஸில் ஆள் இருக்கும்போது விழுந்த ஹிட். களத்துக்குள் விழும் பந்துகளில் ஹிட் ஆவது வழக்கமாக .290–.300ஐ ஒட்டியே இருக்கும். ஒரு வருடம் அது அதிகமாக ஏறினால் இ.ஆர்.ஏ. வீங்கும், மறுவருடம் வற்றும். பிட்சரின் கையில் இருப்பது ஸ்டிரைக்அவுட், வாக், ஹோம்ரன். இந்த மூன்றை மட்டும் வைத்துப் போடும் கணக்குதான் எஃப்.ஐ.பி. ஹோம்ரனை 13ஆல் பெருக்குங்கள். வாக்கையும் உடம்பில் பட்ட பந்துகளையும் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, ஸ்டிரைக்அவுட்டின் இரண்டு மடங்கைக் கழியுங்கள். இன்னிங்ஸால் வகுத்து சுமார் 3.1 சேருங்கள். 2025இல் சீஸுக்கு அது மூன்றரையை ஒட்டி வருகிறது, இ.ஆர்.ஏ.வைவிட ஏறக்குறைய ஒரு ரன் குறைவு. புளூ ஜேஸ் விலைகொடுத்தது இந்த எண்ணுக்கு. அதற்காக அவரிடம் குறையே இல்லை என்று ஆகாது. வாக் நிறைய விடுகிறார், பந்து எண்ணிக்கை சீக்கிரம் ஏறி ஆறாவது இன்னிங்ஸுக்குள் வெளியேற வேண்டிய நாட்கள் வரும். அந்த நாட்களில் சுமை புல்பென் மேல் விழும்.

பேட்டருக்கும் இப்படித்தான். அந்தோனி சான்டான்டேர் 2024இல் 44 ஹோம்ரன் அடித்தார். புளூ ஜேஸ் அவரை ஐந்து ஆண்டுக்கு 9.25 கோடிக்கு எடுத்தது; அதில் பெரும்பகுதி தள்ளிவைத்த பணம். ஹோம்ரனுக்குப் பக்கத்தில் இருந்த இன்னோர் எண் .308, அதாவது பேஸில் ஏறிய விகிதம். அது சாதாரணம்தான். ஒரே பலத்தில் நிற்கும் பேட்டருக்கு அந்தப் பலம் குறைந்தால் பிடித்துக்கொள்ள வேறு கிளை இல்லை. 2025இல் தோள் காயத்தோடு 54 ஆட்டம், சராசரி .175. காயம் பெரிய காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து கையெழுத்து நாளிலேயே தாளில் இருந்தது.

பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் மூன்று ஆண்டு ஆட்ட எண்ணிக்கை, பிறகு ஸ்டிரைக்அவுட், வாக் விகிதம், பிறகு பேஸ்பால் சாவன்ட் பக்கத்தில் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம், மணிக்கு 95 மைல் வேகத்துக்கு மேல் கிளம்பிய அடிகளின் பங்கு, கடைசியாகச் சொந்த மைதானம். டென்வரில் காற்று மெலிது, அங்கே அடித்த ஹோம்ரனை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது விலை. வார் என்ற எண், மைனர் லீக்கிலிருந்து எளிதாகக் கொண்டுவரக்கூடிய ஒருவரைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருவார் என்று சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் மட்டுமே ஆடும் அணி 162 ஆட்டத்தில் 47, 48 வெற்றி பெறும் என்பது அடிப்படை. சந்தையில் ஒரு வார் வெற்றிக்கு 80 லட்சம் முதல் 1 கோடி என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். முப்பதைத் தாண்டியவருக்கு ஆண்டுக்கு அரை வெற்றி குறையும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

சீஸுக்கு 2026இல், 30 வயதில், 4 என்று தொடங்குவோம்: 4, 3.5, 3, 2.5, 2, 1.5, 1. ஏழு ஆண்டில் 17.5. 21 கோடியை வகுத்தால் ஒரு வெற்றிக்கு 1.2 கோடி. கூடுதல்தான். இந்த ஒப்பந்தத்திலும் தள்ளிவைத்த பணம் உண்டு; அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் விலை கொஞ்சம் இறங்கும். எங்கள் மதிப்பீடு: விலை அதிகம், ஆனால் புரிந்துகொள்ளக்கூடிய அதிகம். குரேரோ உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் 32 முறை வந்து நிற்கும் ஒரு பிட்சர் தேவை. 2030க்குப் பிறகு வரும் நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்கிறார்கள். நீங்கள் 3.5இல் தொடங்கினால் முடிவு மாறும். மாறட்டும், எந்த எண்ணில் தொடங்கினீர்கள் என்று சொல்லிவிட்டு வாதாடுங்கள்.

ஆறாம் படி: டிரேடு

டிரேடில், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதில், விற்பது ஆளை மட்டுமல்ல, ஆண்டுகளையும். 2023 டிசம்பரில் யாங்கீஸ், சான் டியாகோவிலிருந்து ஹுவான் சோட்டோவையும் டிரென்ட் கிரிஷாமையும் எடுத்து ஐந்து பேரைக் கொடுத்தது. சோட்டோவிடம் மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆண்டு. யாங்கீஸ் உலகத் தொடர் வரை போனது. சோட்டோ மெட்ஸுக்குப் போனார். கொடுத்த ஐவரில் மைக்கேல் கிங் அடுத்த ஆண்டே 2.95 இ.ஆர்.ஏ.வோடு முன்னணி ஸ்டார்ட்டர் ஆனார். யாருக்கு லாபம் என்று இன்றும் பேசலாம். ஆனால் சோட்டோ எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதை வைத்து மட்டும் அதைப் பேச முடியாது.

விலைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால் 2024 டிசம்பரில் பாஸ்டனுக்குப் போன காரட் குரோஷேவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கட்டுப்பாடு உள்ள முதல்தர ஸ்டார்ட்டர். சிகாகோ வைட் சாக்ஸ் வாங்கியது நான்கு இளைஞர்களை. அதில் கைல் டீலும் பிரேடன் மான்ட்கோமரியும் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். உங்கள் அணியின் வேண்டாத மூன்று பேரைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கும் யோசனை தோன்றினால், இந்த விலையோடு ஒப்பிடுங்கள். மூன்று சுமாரானவர்கள் ஒரு பெரிய வீரருக்குச் சமமாவதில்லை. 26 இடம்தான் இருக்கிறது. மூன்று பேரை வாங்குகிறவர் இரண்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். எதிர் அணியின் ரசிகராக நின்று, இதற்கு நான் தலையாட்டுவேனா என்று கேட்டுப் பார்ப்பதுதான் சிறந்த சோதனை.

விசித்திரமாகத் தெரியும் டிரேடில் உண்மையான சரக்கு வேறு ஏதோவாக இருக்கும். 2025 ஜனவரியில் புளூ ஜேஸ் கிளீவ்லேண்டிலிருந்து மைல்ஸ் ஸ்ட்ராவை எடுத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். அடிப்பதில் பலமில்லாதவர், சம்பளம் பாக்கி உள்ளவர். அணி வாங்கியது அவரோடு சேர்ந்து வந்த 20 லட்சம் வெளிநாட்டு ஒப்பந்தத் தொகையை. ஜப்பானின் ரோக்கி சசாகிக்கு 25 வயது ஆகவில்லை, ஆகவே அந்தக் கணக்கிலிருந்து மட்டுமே அவருக்குப் பணம் தரமுடியும். சசாகி டாட்ஜர்ஸுக்குப் போனார், 65 லட்சத்துக்கு. ஸ்ட்ராவோ 2025 முழுக்க அந்த அணியின் வெளிக்களத் தடுப்பில் பயன்பட்டார்.

வீரரின் சம்மதத்தையும் பாருங்கள். பத்து ஆண்டு சேவையும் கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியிலும் உள்ளவர் எந்த டிரேடையும் மறுக்கலாம். சிலர் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையை எழுதி வாங்கியிருப்பார்கள். 2017இல் மயாமி மார்லின்ஸ், ஜயண்ட்ஸோடும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸோடும் பேசி முடித்த பிறகும் ஜியான்கார்லோ ஸ்டான்டன் இரண்டையும் மறுத்து யாங்கீஸுக்குப் போனார்.

ஏழாம் படி: வதந்தியின் வினைச்சொல்லைப் படியுங்கள்

விசாரித்தார்கள், ஆர்வம் உண்டு, பேசிக்கொண்டிருக்கிறார்கள், முன்னணியில் இருக்கிறார்கள், ஒப்புக்கொண்டார்கள், அணி அறிவித்தது. இவை ஆறும் ஆறு படி. விசாரிப்பது எல்லா அணிகளும் எல்லாரைப் பற்றியும் செய்வது. அதற்கு மதிப்பே இல்லை. ஒப்புக்கொண்டார்கள் என்று ஆண்டு, தொகை இரண்டோடும் செய்தி வந்து, ஒருவரையொருவர் பார்த்து எழுதாத இரண்டு நிருபர்கள் சொன்ன பிறகே தாளில் பேனாவால் எழுதுங்கள். அதுவரை பென்சில்.

2023 டிசம்பர் 8ஐ டொராண்டோ மறக்காது. தெற்கு கலிபோர்னியாவிலிருந்து ஒரு தனி விமானம் டொராண்டோவுக்குக் கிளம்பியது. ஒட்டானி அதில் வருகிறார் என்று செய்தி பரவி, ஆயிரக்கணக்கானோர் திரையில் அந்த விமானப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியவர் தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜாவெக். மறுநாள் ஒட்டானியே டாட்ஜர்ஸ் என்று அறிவித்தார். விமானம் இருந்தது உண்மை, புறப்பட்ட இடமும் உண்மை. உள்ளே யார் என்பது மட்டும் ஊகம். வதந்தி பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்படும்: இரண்டு சரியான கல், நடுவில் ஒரு காற்று. எந்தக் கல் காற்று என்று தட்டிப் பாருங்கள். ஓராண்டு முன்பு, 2022 டிசம்பரில், ஆரன் ஜட்ஜ் ஜயண்ட்ஸுக்குப் போவதாகத் தெரிகிறது என்று பிழையான பெயரோடு அவசரமாக வந்த செய்தியும் சில நிமிடத்தில் பின்வாங்கப்பட்டது. அவர் யாங்கீஸிலேயே ஒன்பது ஆண்டு 36 கோடிக்கு நின்றார்.

அடுத்து, இது வெளியே வந்தால் யாருக்கு ஆதாயம் என்று கேளுங்கள். பெயர் சொல்லாத ஓர் அணியும் போட்டியில் இருப்பதாக வந்தால் பெரும்பாலும் ஏஜென்டின் பக்கத்துக் காற்று; விலை ஏற வேண்டும். எங்கள் வீரரைப் பல அணிகள் கேட்கின்றன என்று வந்தால் விற்கும் அணி. ஒரே ஆளைப் பற்றி ஒரே நாளில் மூன்று இடத்திலிருந்து வந்தால் முடிவு நெருங்குகிறது.

எட்டாம் படி: மருத்துவப் பரிசோதனை முடியும் வரை

கார்லோஸ் கொரேயா 2022 டிசம்பரில் ஜயண்ட்ஸோடு 13 ஆண்டு 35 கோடிக்கு ஒப்புக்கொண்டார். அறிமுகக் கூட்டம் நடக்கவேண்டிய நாளில் அது தள்ளிவைக்கப்பட்டது; பழைய கால் காயம் பரிசோதனையில் தடையானது. உடனே மெட்ஸ் 12 ஆண்டு 31.5 கோடி என்றது. அதுவும் அதே பரிசோதனையில் நின்றது. கடைசியில் மினசோட்டா ட்வின்ஸில் ஆறு ஆண்டு 20 கோடி. ஜெஃப் ஹாஃப்மன் என்ற பிட்சருக்கும் இதே கதை: ஓரியோல்ஸோடு பேசிய மூன்று ஆண்டு 4 கோடி தோள் பரிசோதனையில் முறிந்து, புளூ ஜேஸுக்கு மூன்று ஆண்டு 3.3 கோடிக்கு வந்தார். அணியின் அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை ஒப்பந்தத்தை 40 பேர் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஒன்பதாம் படி: தேதியிட்ட தீர்ப்பு

கையெழுத்தான அன்றே நான்கு வரி எழுதிவையுங்கள்: யாருக்குப் பதிலாக வருகிறார், வார் எத்தனையில் தொடங்குகிறேன், உரித்த விலை என்ன, எது நடந்தால் நான் சொன்னது தவறு. பிறகு தாளை மூடிவிடுங்கள்.

அதே ஹாஃப்மன்தான் ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸிடம் ஹோம்ரன் கொடுத்து 4–4 ஆக்கியவர். அந்த ஒரு பந்து ஆறாது. அதற்காக அவருடைய ஒப்பந்தத்தை அந்த ஒரு பந்தால் அளக்க முடியாது. ஜார்ஜ் ஸ்பிரிங்கரை 2021 ஜனவரியில் ஆறு ஆண்டு 15 கோடிக்கு எடுத்தார்கள். 2024இல் சராசரி .220, பணம் வீண் என்ற பேச்சு எங்கும். 2025இல், 35 வயதில், .309, 32 ஹோம்ரன். அமெரிக்கன் லீக் இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் சியாட்டிலுக்கு எதிராக மூன்று ரன் ஹோம்ரன். 2024இல் தீர்ப்பு எழுதியவர்கள் ஒரு வருடம் அவசரப்பட்டார்கள்.

நீண்ட ஒப்பந்தத்துக்கு மறுபார்வை மூன்று முறை போதும்: முதல் சீசன் முடிவில் காயக் கணக்கு மட்டும், ஒப்பந்த ஆண்டுகளில் பாதி கழிந்ததும் வார் கணக்கு, முடிந்த பிறகு முழுக்கணக்கு. சீஸுக்கு அது 2026, 2029, 2032. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அக்டோபரில் ஒரே முறை. 2025க்கு மாக்ஸ் ஷெர்சருக்கு 1.55 கோடி கொடுத்தார்கள். சீசன் முழுக்க இ.ஆர்.ஏ. ஐந்துக்கு மேல், ஆனால் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர். அந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, 1.55 கோடி என்ற எண்ணை இன்னொரு முறை பாருங்கள்.